வழிசொல்லியின் நோட்டு

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் செங்கோடன் ஒரு தும்பியைப் பார்த்தான். காரின் கண்ணாடிக்கு நேரே அது வந்துகொண்டிருந்தது. இறக்கைகள் ஏறி இறங்குவதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தது. எண்ணியபடியே, பின்சக்கரம் சரளையில் வழுக்கத் தொடங்குவதைக் கவனித்து, எவ்வளவு தூரம் வழுக்க விடலாம் என்று சாவகாசமாக யோசித்து, ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை திருப்பினான். சாலையோரம் நின்றவர்களுக்கு ஒரு கார் சீறி வந்தது, திரும்பியது, மறைந்தது. இரண்டு நொடி. செங்கோடனுக்கு அது ஒரு முழு நிமிடம்.

காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் மிளகளவு இருந்த நொடிநீட்டியின் வேலை அது. வளைவு வந்ததும் தானாக விழித்துக்கொண்டு மூளைக்குள் நொடியை முப்பது மடங்கு இழுத்துவிடும். பதினோரு வருடங்களாக அந்தக் கருவி இல்லாத ஓட்டுநர் எவனும் கொல்லிமலை ஏற்றப் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வந்ததில்லை. செங்கோடன் ஏழு முறை வென்றிருந்தான். இது அவனுடைய கடைசிப் பந்தயம்.

எழுபதாவது வளைவு கடந்து, கொடி விழுந்து, காரை நிறுத்தியதும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே இருக்கை இல்லை. இருக்கை இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள் இருந்தன. அது ரேணுகாவின் இடம்.

ரேணுகா அவன் மனைவி. முதல் ஆறு வருடம் அவனுடைய வழிசொல்லியும் அவள்தான். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போவார்கள். ஒவ்வொரு வளைவையும் பார்த்து, எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்று எண் போட்டு அவள் நோட்டில் குறித்துக்கொள்வாள். பந்தயத்தன்று மடியில் நோட்டை வைத்து வாசிப்பாள். வீட்டில் "மாமா, சாப்பிட வாங்க" என்கிறவள், ஹெல்மெட் மாட்டியதும் ஆளே மாறிவிடுவாள். "நாலு வலது! குறுகுது! உள்ள வெட்டாதே! இப்ப அமுக்கு!" மரியாதை விகுதி போடவெல்லாம் அங்கே நேரமில்லை. அந்த அதட்டல் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நொடிநீட்டி பொருத்திய முதல் சோதனை ஓட்டத்தில் அவள் குரல் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே உறுமலாகக் கேட்டது. முப்பது மடங்கு நீண்ட சொல்லில் சொல் எங்கே இருக்கும்?

அணியின் பொறியாளர் மகிழ்ச்சியாகச் சொன்னார். "அக்கா பேசறது அண்ணனுக்கு இனிக் கேக்காதுங்க. கேக்கவும் வேண்டியதில்லைங்க, அவருக்கே எல்லாம் தெரியுது. சீட்டையும் கழட்டிட்டா மொத்தம் அறுபத்தஞ்சு கிலோ மிச்சம்!"

ரேணுகா பெல்ட்டைக் கழற்றினாள். நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "சரிங்க" என்றாள். செங்கோடன் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் அறுபத்தைந்து கிலோவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். பாவி.

அதன் பிறகு கோப்பைகள் வந்தன. வீடுதான் வழுக்கத் தொடங்கியது. சோற்றில் ரசம் ஊற்றும்போது திங்கட்கிழமையாக இருக்கும். மோர் ஊற்றும்போது வியாழனாகியிருக்கும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது. சாப்பிடுவான், தூங்குவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். பழகிய பேச்சு தானாக வரும். யோசித்துச் சொல்ல வேண்டியது மட்டும் வராது. யோசித்து முடிப்பதற்குள் வாரம் ஓடிவிடும்.

கடைசிப் பந்தயம் முடிந்து கருவியை எடுத்த டாக்டர் ஜெசிந்தா பூசி மெழுகாமல் சொன்னார். "மூளை நேரத்தைப் புதுசா உண்டாக்கலைங்க. போர்வை சின்னது. தலைக்கு இழுத்தா கால் வெளிய தெரியத்தானே செய்யும்? வளைவுல ஒரு நிமிஷம் இழுத்தா வீட்டுல ஒரு நிமிஷம் சுருங்கும்னு கம்பெனிக்காரங்க நினைச்சாங்க. அப்படி இல்லை. ரொம்ப அதிகமாச் சுருங்குது."

"அதான் எடுத்துட்டீங்களே. சரியாப் போயிருமுங்களா?"

"இதுக்கு மேல மோசமாகாது. ஆனா தளர்ந்த எலாஸ்டிக் பழையபடி வராதுங்க. இனி உங்களுக்கு ஒரு வருஷம்ங்கிறது ஒரு நாள் மாதிரிதான் போகும்."

செங்கோடனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. எண்பது வரை இருந்தாலும் இன்னும் ஒரு மாதத்துச் சொச்சம்.

மகள் தாரிணிக்குப் பத்தொன்பது. நொடிநீட்டி பொருத்தியபோது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அந்த முகத்தை அவன் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டாவது வளைவின் தும்பி மட்டும் கண்ணை மூடினால் வந்து நின்றது.

ஒருநாள் தாரிணி ஓடிவந்து அவன் முன் நின்றாள்.

"அப்பா! உங்க டீம்லயே என்னை எடுத்துட்டாங்க! நொடிநீட்டி வச்சாத்தான் சீட்டுன்னாங்க. நானும் சரின்னுட்டேன். பதினாலாம் தேதி ஆபரேஷன்."

வேண்டாம் என்று அவனுக்குள் ஒன்று அலறியது. வாய் பழக்கப்படி பேசியது. "ரொம்பச் சந்தோஷம் கண்ணு. நல்லா ஓட்டோணும்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் 'வேண்டாம்' என்பதற்கு ஒரு காரணம் தேட ஆரம்பித்தான். தேடத் தேட ஒரே காரணம்தான் கிடைத்தது. 'நீ வளர்ந்ததை நான் பார்க்கவில்லை.' பெற்ற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

யோசித்துக்கொண்டே இருந்தபோது ரேணுகா அந்தப் பழைய நோட்டை அவன் மடியில் வைத்தாள். முன்பக்கங்களில் கொல்லிமலை வளைவுகள். பிறகு பாதை மாறியிருந்தது.

'தாரிணி, சைக்கிள். திடீர் இடது. விழுந்தாள். நீ நிற்கவில்லை.'

'தாரிணி பெரியவளான சீர். நீள நேர்பாதை. மெதுவாகப் போயிருக்கலாம். நீ நிற்கவில்லை.'

'என் அம்மாவின் சாவு. பெரிய பள்ளம். நீ நிற்கவில்லை.'

பதினோரு வருடம், பக்கம் பக்கமாக. செங்கோடன் நோட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"இதை அப்பவே எனக்குப் படிச்சிருக்கலாமே ரேணு?"

"பாதைய முன்னாடியே பாத்தாத்தானுங்க மாமா குறிப்பு சொல்ல முடியும்? இதெல்லாம் கடந்த பொறவு எழுதுனது. கடந்த வளைவுக்கு யாராச்சும் குறிப்பு படிப்பாங்களா?"

"அப்பறம் எதுக்கு எழுதினே?"

"கை சும்மா இருக்கலைங்க." அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இது ஒண்ணுதான் முன்னாடியே தெரிஞ்சது. நாஞ் சொல்லிப் பாத்துட்டேன். கார்ல இருந்து எறக்கி உட்ட கோவத்துல பேசறேங்கறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

'வியாழன், பதினாலு, காலை பத்து. தாரிணி. ரொம்பக் குறுகுது. இப்பவே பிரேக்.'

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள். அவ ரூம்லதான் இருக்கா." பதினோரு வருடம் கழித்து அவள் குரல் ஹெல்மெட்டுக்குள் இருந்த குரலாக மாறியது. "எந்திரி. போ. போய்ச் சொல்லு."

எழுந்தான். நேராகப் போய் அறை வாசலில் நின்றான். தாரிணி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "என்னப்பா?" என்றாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றது வாய்.

கதவைப் பிடித்துக்கொண்டு சரியான முதல் வாக்கியத்தைத் தேடினான். அவசரப்பட்டு உளறிவிடக் கூடாது. அவளுக்குக் கோபம் வராமல், தன்னைப் பார்த்து இரக்கப்படாமல், விஷயம் மட்டும் நெஞ்சில் இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு சொல்லை எடுத்தான், வேறொன்றைப் போட்டுப் பார்த்தான். வளைவுக்குள் யோசிக்க அவனுக்கு எப்போதும் நேரம் இருந்திருக்கிறது. பதினோரு வருடப் பழக்கம் அது. நேரம் இருக்கிறது என்றே இப்போதும் நினைத்துக்கொண்டான்.

வாக்கியம் சரியாக அமைந்தது. நிமிர்ந்தான். அறை காலியாக இருந்தது.

வாசல் கேட் திறந்தது. தாரிணி கையில் ஹெல்மெட்டோடு வந்தாள். அவள் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

"இன்னைக்கு... வியாழனா கண்ணு?"

"சனிப்பா. முந்தாநாளே வச்சாச்சு. இன்னைக்கு டிராக்ல மொத ரவுண்டே ஓட்டிட்டேன். அய்யோ அப்பா, ஒரு வளைவுக்குள்ள எவ்வளவு இருக்கு!"

தயாராக இருந்த வாக்கியம் அப்படியே வெளியே வந்தது. "தாரிணி, உன்னோட மூணாங்கிளாஸ் மொகம் எனக்கு ஞாபகமில்ல கண்ணு. நீ பக்கத்துலயே இருந்தே, நாந்தான் அங்க இல்ல. உனக்கும் அப்படி ஆயிரக் கூடாது. அது வேண்டாம்."

தாரிணி ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியது.

"இதைச் சொல்லத்தானாப்பா தெனமும் கதவுகிட்ட வந்து நின்னீங்க? சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டீங்களே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஒரு சீசன் ஓட்டிடறேன்ப்பா. அப்பறம் உங்ககூட உக்காந்து நாள் முழுக்கப் பேசறேன். நமக்கு நேரமா இல்ல?"

அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் அவளைக் கூப்பிட அடுத்த வாக்கியத்தைத் தேடத் தொடங்கினான்.

ரேணுகா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்து புது நோட்டு ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அட்டையில் தாரிணி என்று பெயர் எழுதி, முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'சனி, பதினாறு. அப்பா பேசினார். நீ நிற்கவில்லை.'