மேல் லேயருக்கு அடியில்

தை மாதமா, மாசியா... சொல்கிற எனக்கே சந்தேகம்தான். ஆனால் கும்பகோணத்துக்குக் கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்த புதிது என்பதும், அந்தப் பகலில் ஸ்டுடியோ போன் அலறியதும் நிச்சயம்.

ரெமிஜியஸ் எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் பஞ்சநதம். திருவையாறு கல்யாண வீடியோ ரெடியா?"

"முடிச்சுக்கிட்டிருக்கேன் சார்."

"சாயந்திரம் வர்றேன். மண்டப மேனேஜர் ரெங்கசாமி படித்துறையில மண்டை உடைஞ்சு செத்தப்ப, நீங்க எங்க இருந்தீங்க?"

"வேன்ல சார். பேட்டரி எடுக்க கிளாட்சன்தான் அனுப்பினான்."

"உங்க பார்ட்னர் கிளாட்சன் முகூர்த்தம் முழுக்க மேடை முன்னாலயே நின்னு எடுத்தேங்கறாரு. காலையில ப்ளக் பாயிண்டுக்காக ரெங்கசாமி சட்டையப் பிடிச்சது நீங்க. வீடியோவும் அவர் சொல்றதையே சொன்னா... ஜீப்புல இடம் இருக்கு."

லைன் செத்தது.

ரெமிஜியஸ் திரைக்குத் திரும்பினான்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்து, ஸ்டுடியோவை ஒட்டிய வீட்டில் தூங்கி எழுந்தபோது, கம்ப்யூட்டரில் எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது. கிளாட்சன் செய்த உதவி என்று நெகிழ்ந்திருந்தான்.

மேல் லேயரில், அதாவது திரையில் தெரியும் மேலடுக்கில், கிளாட்சன் எடுத்த படம். அதற்கு அடியில், மண்டபத்துக்குள் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டாண்டில் தானாக ஓடிய இரண்டாவது கேமரா. அதற்கும் கீழே, அந்த இரண்டாவது கேமரா இடைவிடாமல் பதிந்த சத்தம்.

ஓடவிட்டான்.

மாப்பிள்ளை தாலி கட்டினார்.

கெட்டிமேளம் வரவில்லை!

சத்தத்தில் ஐயர் இன்னும் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தான். மேல் லேயர் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இரண்டு துண்டுகளும் நெருக்கி ஒட்டப்பட்டிருந்தன.

பின் துண்டைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினான்.

தாலியும் கெட்டிமேளமும் சேர்ந்த இடத்தில் விட்டான்.

நடுவே ஒரு வெற்றிடம். அது வழியாக, அடியில் மறைந்திருந்த இரண்டாவது கேமராவின் படம் தெரிந்தது.

மேடை முன்னால் கிளாட்சன் இல்லை.

ரெங்கசாமி ஆற்றுப் பக்கக் கதவைத் திறந்து போகிறார். பின்னாலேயே கிளாட்சன். கையில் லைட் ஸ்டாண்டின் இரும்புக் கால்.

திரும்பி வந்தது கிளாட்சன் மட்டும்.

ரெமிஜியஸ் போனை எடுத்தான்.

"மச்சான்... கல்யாண வீடியோவ எதுக்குடா வெட்டின?"

கிளாட்சன் சிரித்தான். "நான் எங்கடா வெட்டினேன்? எனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாதே."

உண்மைதான்.

அந்த ஸ்டுடியோவில் எடிட்டிங் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ரெமிஜியஸ். மற்றவருக்கு அவனே பக்கத்தில் உட்கார்ந்து, கை பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தான்.

"காபி ஆறுதுங்க."

பின்னால் பிரின்ஸி. அவன் மனைவி.

அவள் கண் திரையில் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க ரெண்டு பேரையும் ரெங்கசாமி பார்த்துட்டாருங்க. உங்ககிட்ட சொல்லப்போறேன்னாரு..."

"அதுக்கு நான் உள்ள போகணுமா?"

பிரின்ஸி முந்தானையில் கையைத் துடைத்தாள். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"கிளாட்சன் துபாய்க்கு ரெண்டு விசா வந்திருக்குன்னான். இன்னொண்ணு எனக்குன்னு நினைச்சேன்."

"எனக்குங்க."

அவள் மெல்ல நெருங்கினாள். "அந்தத் துண்டப் பழையபடி தள்ளி வச்சிருங்க."

"வெட்டினதுக்கப்புறம் ஸ்பீக்கரப் போட்டுப் பார்த்திருக்கலாம் நீ."

"நீங்க உள்ள தூங்கிட்டிருந்தீங்க. சத்தம் கேட்டா எந்திரிச்சுருவீங்களேன்னு..."

"நல்ல அக்கறைம்மா."

சொன்னது ரெமிஜியஸ் இல்லை. வாசலில் பஞ்சநதம், தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாயந்திரம் என்று சொல்லிவிட்டு முன்னதாகவே வருவது அவர் வழக்கம்.

கிளாட்சன் திருச்சி ஏர்போர்ட்டில் பிடிபட்டான். ஆயுள் தண்டனை. பிரின்ஸி சில வருடம் உள்ளே இருந்தாள். இப்போது தங்கையோடு நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். ரெங்கசாமியின் வேலையை அவர் மகள் பார்க்கிறாள். பஞ்சநதம் ரிட்டயர் ஆகிவிட்டார்.

ரெமிஜியஸ் இன்றைக்கும் கல்யாணம் எடுக்கிறான். ஒரே கேமராதான். எதையும் எதோடும் சேர்த்து வைக்கும் தொல்லை இல்லை பாருங்கள்!