எடைமேடையில் ஒரு மோதிரம்

சுவரில் இருந்த பூஜ்யம் ஒன்றாக மாறியபோது பனிமேரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று என்றால் கடலில் ஓர் ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எண்ணுக்குக் கீழே பெயர் ஓடியது. இன்னாசி. அவள் புருஷன். அவள் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்வது சரியாகாது. அவள் காதுக்குப் பின்னால் சமவுணரிப் பட்டை மாட்டியிருந்தாள்.

சங்குமுனைக் கரையில் மீட்பு மேடைக்கு ஊர் ஊராக முறை வைத்து ஆள் உட்காருகிறார்கள். கடலுக்குப் போகிறவர் ஒவ்வொருவரின் இடுப்பிலும் இருப்புச்சொல்லி என்ற வில்லை ஒன்று இருக்கும். அது பேச்சை நிறுத்தினால் சுவரில் எண் ஒன்று கூடும்; படகோட்டி உதவி கேட்டால் படகில் இருக்கிற அத்தனை பேரும் எண்ணில் கூடுவார்கள். கரை முழுவதற்கும் இருப்பவை, ஓட்டுநர் இல்லாமல் பறக்கும் இரண்டு மீட்புத் தும்பிகள்தான். அலைக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தாலும் அவற்றின் வெப்பக்கண் கண்டுபிடித்துவிடும். தும்பிகளை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முறையில் இருப்பவர் சொல்ல வேண்டும். பட்டை மாட்டாமல் சொன்னால் அந்தச் சொல் செல்லாது.

பட்டை வந்த கதை கரையில் எல்லாருக்கும் தெரியும். முன்பு ஒரு புயலில் இந்தப் பக்கத்து ஆட்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் போனார்கள். அதே வாரம் எங்கோ ஒரு நகரத்தில், மின்தூக்கிக் குழியில் ஒரு குழந்தை விழுந்தது. நாடே அந்தக் குழந்தைக்காகத் தூங்காமல் கிடந்தது. குழந்தை பிழைத்தது, நல்லதுதான். ஆனால் முந்நூறு பேருக்குச் செய்தியில் கிடைத்தது ஒரு வரி. கரைக்காரர்கள் சாலையை மறித்து உட்கார்ந்து ஒன்றே ஒன்றைக் கேட்டார்கள். எங்கள் முந்நூறு ஏன் உங்களுக்கு முந்நூறாக உறைக்கவில்லை?

அறிவியல்காரர்கள் வந்து, அது யாருடைய குற்றமும் இல்லை, மனிதப் புலனே அப்படித்தான் என்றார்கள். தலையில் ஒரு பெட்டி ஐஸ் இருக்கும்போது இன்னொரு பெட்டியை ஏற்றினால் கழுத்து உடனே சொல்லும். ஒரு வண்டி ஐஸை இழுக்கிறவனுக்கு அதே பெட்டியைக் கூட வைத்தால் தெரியவே தெரியாது. காதும் அப்படித்தான். ஒரு மேளத்தோடு இன்னொன்று சேர்ந்தால் தெரு திரும்பிப் பார்க்கும். இருபது மேளத்தோடு ஒன்று சேர்ந்தால் அடிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றிலிருந்து பத்துக்கு ஒரு படி, பத்திலிருந்து நூறுக்கு ஒரு படி, நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அதே ஒரு படி. மூளை இப்படிப் பெருக்கிப் பெருக்கித்தான் ஏறுகிறது. முந்நூறு சாவு அதற்கு மூன்றாவது படியைக்கூட எட்டாது.

அந்தப் படிக்கட்டை நேராக்கத்தான் சமவுணரி. மாட்டிக்கொண்டால் முந்நூறாவது ஆளும் முதல் ஆளும் ஒரே கனம். எண்ணும் ஒலியும் மூளையில் ஒரே படியில் ஏறுவதால், ஒன்றை நிமிர்த்தினால் மற்றதும் நிமிர்ந்துவிடும். அதைப் பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தவர்கள் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள். வளைந்த புலனுக்கு மேல் எல்லை கிடையாது. நேரான புலனுக்கு எல்லை கட்டியே ஆக வேண்டும். ஆயிரம் பேர் என்று எல்லை கட்டினால், ஒருவர் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உறைப்பார். லாரி நிறுக்கும் எடைமேடையில் மோதிரத்தை வைத்தால் முள் அசையாது அல்லவா, அதுபோல என்றார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து பதில் சொன்னது பனிமேரிதான்.

“எங்களுக்கு மோதிரத்த நிறுக்க வேண்டாம். லாரிய லாரியா நிறுத்தாப் போதும்.”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

இப்போது சுவரில் அவளுக்கு முன்னால் வடக்கே ஒன்று நின்றது. சற்று நேரத்தில் தெற்கே நாற்பது வந்தது. தீவுக்குப் போன பயணிப் படகு எஞ்சின் நின்று மிதக்கிறது. தண்ணீர் உள்ளே வரவில்லை, பயணிகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று படகோட்டி சொன்னான். வடக்கே இன்னாசியின் படகு கவிழ்ந்திருக்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தது. ஒரு தும்பியில் இருபது பேர் ஏறலாம். நாற்பது பேருக்கு இரண்டும் வேண்டும். நாற்பது ஒன்றைப்போல நாற்பது மடங்கு. பனிமேரி இரண்டையும் தெற்கே அனுப்பினாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கக் கூடாது என்பதற்குத்தான் பட்டை.

காற்றில் ஆட்களை ஏற்ற முடியாமல் தும்பிகள் பயணிப் படகின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. பிற்பகலில் முறை மாற்ற தஸ்நேவிஸ் வந்தார். அவரும் இன்னாசியும் சின்ன வயதிலிருந்தே ஒரே படகில் தொழில் செய்தவர்கள். அவர் தன் பட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பனிமேரி தன்னுடையதைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள்.

கழற்றியதும் உடனே ஒன்றும் ஆகாது. மரத்த காலில் ரத்தம் ஏறுகிற மாதிரி மெல்ல வரும். அவள் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் சுவர் முழுக்க இருந்தது.

அப்போதுதான் சத்தமும் கேட்டது. கடலடியில் போட்டிருக்கும் நீர்ச்செவிகளின் ஒலி அந்த அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மழை, அலை, தும்பிகளின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் அடியில், நகத்தால் சுரண்டுவதுபோல ஒன்று. இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. படகு கவிழ்ந்தால் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து கத்திப்பிடியால் அப்படித்தான் தட்ட வேண்டும் என்பது சங்குமுனை வழக்கம். காலையிலிருந்து அது கேட்டிருக்கும். பட்டைக்கு உள்ளே இருந்த காதுக்கு அது ஒரு சத்தமாகவே இல்லை.

“அண்ணே, அவியதான் தட்டுதாவ. ஏழாம் செவியில. கேக்குதா?”

தஸ்நேவிஸ் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார். “மழை கேக்கு. தும்பி கேக்கு. வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி.”

“பட்டையக் கழட்டிட்டுக் கேளுங்க.”

“கழட்டுனா கேக்கும். அப்புறம் என் பேச்சு செல்லாது. செல்லாத வாய வச்சு நான் எந்தத் தும்பியத் திருப்ப?”

அவள் வாதாடிப் பார்த்தாள். பயணிப் படகில் யாருக்கும் ஆபத்து இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

“நாப்பது பேரு பாடுதாவ” என்றார் அவர். கேலி செய்யவில்லை. அவருக்கு அப்படித்தான் உறைத்தது. பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். “என் கல்யாணத்தன்னைக்கி நான் தூங்கும்போது மூஞ்சில மீச வரைஞ்சு விட்ட பய அவன். எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தன். மோதிரத்த நிறுக்க வேண்டாம்னு சொன்னது ஆரு?”

பனிமேரி படியிறங்கினாள்.

படகுத்துறையில் ஊர்க்காரர்கள் சுற்றி நிற்க, சலேத் உதிரி எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எட்டுப் படகுகளுக்கு மெக்கானிக் அவன்தான், ஊரில் யாரையும் சும்மா விடாத வாய். அவள் நடந்ததைச் சொன்னாள். தட்டுவதைத் தான் கேட்டதையும் சொன்னாள், அதற்கு முன்னால் தும்பிகளைத் தெற்கே அனுப்பியது தான்தான் என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டு யாரும் அவளைத் திட்டவில்லை. அங்கே நின்ற எல்லாரும் ஏதோ ஒரு முறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஏழாம் செவி இருக்கும் பக்கம் பெரிய கடல். படகுகள் போய்த் தேடலாம். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் வெப்பக்கண் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சலேத் கையைத் துணியில் துடைத்தான்.

“எத்தன பேரு காணாமப் போனா அந்த மனுசன் தும்பியத் திருப்புவாரு?”

“தெக்க நாப்பது இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு வேணும்.”

“இன்னாசிய விட்டா இன்னும் நாப்பது.” அவன் எழுந்தான். “சரி, அப்பம் தொலைவோம்.”

எட்டுப் படகில் படகுக்கு ஐந்து பேராக ஏறினார்கள். பனிமேரியும் ஏறினாள். துறையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தன் புருஷனைப் பார்த்து, நீ மட்டும் நிஜமாகவே தொலைந்து போனாலும் பரவாயில்லை என்றாள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் சலேத் தன் இடுப்பு வில்லையை முதலில் அணைத்தான். பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

மேடையில் தஸ்நேவிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே ஒன்று இரண்டானது. ஐந்தானது. பலகணி வழியாக எட்டுப் படகுகளும் வரிசையாகப் போவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அணைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, உறைப்பது வேறு. பதினெட்டு பதினெட்டாக உறைத்தது. முப்பது முப்பதாக உறைத்தது. நாற்பதில் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது அவர் கை விசையின் மேல் சும்மா கிடந்தது. நாற்பத்தொன்று ஆனதும் இரண்டு தும்பிகளையும் வடக்கே திருப்பினார்.

கடலில் பனிமேரி எல்லாப் படகுகளையும் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். தும்பிகள் வந்துவிட்டால் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதற்குள் கேட்க வேண்டும். எட்டு எஞ்சினும் நின்றன. மழையும் விட்டிருந்தது. அவள் ஒரு துடுப்பைத் தண்ணீருக்குள் ஆழ விட்டு அதன் பிடியில் காதை வைத்தாள். மீன் கூட்டத்தின் சத்தம் பிடிக்க எல்லாரும் செய்கிற வேலைதான் அது. பட்டை இல்லாத காதுக்கு அமைதியில் சின்னச் சத்தமே பெரிசு. இரண்டு தட்டு. வெகு நேரம் ஒன்றும் இல்லை. தட்டுகிறவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு ஒரு தட்டு.

அவள் கை நீட்டிய திசையில் படகுகள் போயின, தும்பிகள் மேலே வந்து சேர்ந்தன, வெப்பக்கண் இன்னாசியைக் காட்டிக்கொடுத்தது. கவிழ்ந்த படகின் மேல் குப்புறக் கிடந்தான். கயிறு கட்டி இழுத்துப் போட்டபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சுற்றி நின்ற படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“என்னவே, ஊரே வந்திருக்கு? ஆரு செத்தா?”

“நாங்கதாம்வே” என்றான் சலேத். “ஒம்மத் தேட நாப்பது பேரு தொலஞ்சோம்.”

பயணிப் படகை மறுநாள் காலை ஒரு இழுவைப் படகு கரை சேர்த்தது. பிஸ்கட் தீர்ந்துபோனதைத் தவிர அவர்களுக்கு வேறு குறை இல்லை.

செய்தி கரையெங்கும் போனது. அடுத்த மாதம் பக்கத்து ஊரில் ஒரு பையன் திரும்பாதபோது அறுபது பேர் வில்லையை அணைத்தார்கள். இன்னோர் ஊரில் தொண்ணூறு. கூடத் தொலைதல் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி, என் ஆளுக்கு நீ தொலைந்தாய், உன் ஆளுக்கு நான் தொலைகிறேன் என்று ஊர்கள் கணக்கு வைத்துக்கொண்டன. பட்டையைச் செய்தவர்கள், எண்கள் பெரிதாகிவிட்டன என்று எல்லையை ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு உயர்த்தினார்கள். அதற்கு ஏற்றபடி ஊர்களும் அதிகமாகத் தொலைந்தன. ஒரு கட்டத்தில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தாங்களாகவே ஒரு மனக்கணக்குக்குப் பழகிக்கொண்டார்கள். அறுபது என்றால் ஒருவர். நூறு என்றாலும் ஒருவர். முந்நூறு என்றால் ஒருவர்தான், ஆனால் பெரிய ஊர்க்காரர். பட்டை பாடுபட்டு நேராக்கியதை அவர்கள் பழையபடி வளைத்துக்கொண்டார்கள். தும்பிகளை அனுப்பும் விசையை யாரும் உடனே அழுத்துவதில்லை. முதலில் கரைக்கு ஆள் அனுப்பி, யாருக்காக என்று விசாரிப்பார்கள்.

அந்த ஐப்பசியில் பனிமேரி முறை மாற்றப் படியேறி வந்தபோது தஸ்நேவிஸ் நாற்காலியில் சாய்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். சுவரில் முந்நூற்றாறு என்று இருந்தது. மத்தியானத்திலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர். தும்பிகள் இரண்டும் கூண்டிலேயே நின்றன.

“இந்தத் தடவ ஆரத் தேடுதாவ, தெரியுமா?” என்று அவளிடம் கேட்டார்.

அவள் பட்டையை இன்னும் மாட்டவில்லை. காற்று பலகணியை அறைந்துகொண்டிருந்தது. அவள் துறை வழியாகத்தான் நடந்து வந்தாள். அங்கே பெண்கள் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.