ஏட்டி என்று கூப்பிட்டவள்

கோழிக்கு ஈரல் ஒன்றுதான். படைத்தவன் செய்த இந்தச் சிக்கனத்தால் அக்காவும் தங்கையும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் உம்மா ரஹ்மத்துன்னிசா ஈரலை எடுத்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் வைத்தாள். வரப்போகும் சண்டைக்காக அகப்பையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். நூர்நிஷாவின் விரல்கள் பாதி தூரம் போய்விட்டன. எதிரே மெஹர் பானுவின் கை அசையவே இல்லை.

"நீ எடுத்துக்கோ ராத்தா," என்றாள் தங்கை.

பதினெட்டு வயதில் முதல்முறையாக நூர்நிஷாவுக்கு ஒரு முழு ஈரல் கிடைத்தது. வாயில் போட்டாள். மென்றாள். விழுங்க முடியவில்லை. சண்டை போடாமல் கிடைத்த பொருளுக்கு ருசி இல்லை என்று முதலில் நினைத்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். பானு இவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தாடை அசையும்போதெல்லாம் பானுவின் தாடையும் காலியாக அசைந்தது.

"குத்தாலத்துத் தண்ணி பட்டதும் புள்ளைக்குப் புத்தி வந்துட்டு, பாத்தீங்களா?" என்று உம்மா வாப்பாவிடம் சொன்னாள்.

"அப்ப மூத்தவளையும் ஒரு தடவ நல்லா முக்கி எடுத்திருக்கலாமே," என்றார் வாப்பா துல்கர்னைன். சிரிப்பு. நூர்நிஷாவும் சிரித்தாள். அந்த வீட்டில் பகடி பேசுகிறவள் அவள்தான். சிரிக்காமல் இருந்தால் காய்ச்சல் என்று கஷாயம் போட்டுவிடுவார்கள்.

குற்றாலம் போய் வந்தது அதற்கு முந்தின நாள். ஐம்பத்தேழாம் வருஷத்துச் சீசன், பிந்தி வந்தாலும் பிசகாமல் வந்திருந்தது. தென்காசியிலிருந்து துணி மறைப்புக் கட்டிய குதிரைவண்டியில் போய், பேரருவியின் பெண்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்து இறங்கினார்கள். உம்மா சீக்கிரம் ஏறிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்து நூர்நிஷா வெளியே வந்தாள். பானு மட்டும் வரவில்லை. வெள்ளைத் தண்ணீருக்குள் முதுகுகளும் தலைகளும் சேலைத் தலைப்புகளுமாக ஒரே நெரிசல். எது எவளுடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. காதுக்குள் பத்து மில் ஓடும் இரைச்சல்.

"ஏட்டி! போதும், வாட்டி!" என்று கத்தி, நூர்நிஷா கையை உள்ளே நீட்டினாள்.

ஒரு கை வந்து பிடித்தது. இழுத்தாள். பானு வந்தாள்.

வந்தவள் முகத்தைத் துடைக்கவில்லை. தண்ணீர் கண்ணுக்குள் வழிய, கண்ணைச் சிமிட்டாமல், நூர்நிஷாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோல.

'அக்கா அழகை இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சிருக்கா,' என்று நூர்நிஷா அப்போது நினைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் அடிக்கடி வரும், யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

ஈரல் விட்டுக்கொடுத்த மறுநாள், பானுவுக்குத் தலை பின்னும்போது அவள் தாடையில் தழும்பு இல்லை. மூன்று வயதில் ஆட்டுரலில் விழுந்து வாங்கிய தழும்பு அது.

"ஏட்டி, தழும்பு எங்கட்டி? அருவியில சீயக்கா போட்டுத் தேச்சுட்டியா?"

பானு தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் தழும்பு இருந்தது.

நூர்நிஷா அதைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மேலல்லா இருந்துச்சு," என்று வாயில் வந்துவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத வாய். மகரிபுக்கு விளக்கேற்றும்போது பார்த்தாள். தழும்பு மேலே ஏறியிருந்தது.

அதிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். கிணற்றடிக்குப் போய் ஒன்றும் இறைக்காமல் திரும்பி வந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். எங்கே போனாலும் ஒரு வாசனை பின்னால் வந்தது. வெயிலே படாத பாறையிடுக்கில் பாசி அழுகும் வாசனை. பானு படுத்து எழுந்த பாயின் அடிப்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. சீசன் ஈரம் என்றாள் உம்மா. ஊரே ஈரமாகக் கிடக்கும்போது ஒரு பாயை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

சாரல் விடாமல் ஓட்டின்மேல் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மதியம், வீடு முழுக்கச் சாப்பிட்ட கிறக்கத்தில் கிடந்தது. வாப்பாவின் குறட்டையும் மாடத்தில் புறாக்கள் முனகுவதும் கேட்டன. நூர்நிஷா தங்கையின் பக்கத்தில் படுத்திருந்தாள். சின்ன வயதில் இடி இடித்தால் பானுவின் முதுகில் காதை வைத்துக்கொள்வாள். மூத்தவள் பயப்படுவதை இளையவள் யாரிடமும் சொன்னதில்லை, அந்த ஒரு தயவு மட்டும் பானுவிடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் மெல்ல நகர்ந்து காதை வைத்தாள்.

நெஞ்சு அடிக்கவில்லை. வெகு ஆழத்தில், ஓயாமல், அருவி விழுந்துகொண்டிருந்தது.

நூர்நிஷா மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த இரைச்சலின் நடுவில் யாரோ கத்துவதுபோல இருந்தது. அல்லது யார் யாரோ.

"முன்னாடி நான் உன்னைய எப்படி ஏசுவேன் ராத்தா?" என்று பானு திரும்பாமலே கேட்டாள். "சொல்லேன். மறந்துட்டு."

உடனே சொல்லிவிட்டாள் நூர்நிஷா. பயந்தால் பகடி பேசுவது அவள் வழக்கம். "ஈரலுக்கு என் கையப் பிறாண்டுவே. பல்லு வெளக்காத நாயேன்னு ஏசுவே. போடி சனியனேன்னு நான் சொன்னா, உன் கல்யாணத்துல உப்பில்லாத பிரியாணிதான்னு சொல்லுவே." சொல்லச் சொல்ல, பக்கத்தில் கிடந்த உடம்பு ஒவ்வொரு சொல்லையும் உறிஞ்சிக்கொள்வது தெரிந்தது. காய்ந்த மண் தண்ணீரைக் குடிப்பதுபோல.

வெள்ளிக்கிழமை மறுபடி கோழி. ஈரல் தட்டில் விழுந்ததும் பானு பாய்ந்தாள். நூர்நிஷாவின் புறங்கையில் நாலு கோடு.

"பல்லு வெளக்காத நாயே, கைய எடு!"

உம்மா அகப்பைக் காம்பால் இரண்டு பேருக்கும் ஒன்று வைத்தாள். "ரெண்டு நாளு நல்லாருந்தா, பழைய கழுதை திரும்பி வந்துட்டு," என்று நிம்மதியாகச் சலித்துக்கொண்டாள்.

நூர்நிஷா கிணற்றடியில் கையைக் கழுவினாள். கோடுகளில் ரத்தம் இல்லை, தெளிந்த தண்ணீர்தான் கசிந்தது. அது அவளுடைய தண்ணீர் இல்லை. அங்கே நின்று அழுதாள். தங்கையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மை போட்டுத் திருத்திய வாத்தியார் அவள்தான். இப்போது அதில் ஒரு பிழைகூட இல்லை. அப்படியென்றால் பானு எங்கே?

வாயைப் பொத்திக்கொண்டாள். பேசினால் அல்லவா படிக்கிறது? மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. உம்மா பயந்துபோய், ஓதி ஊதினாள். பானுவின்மேல் அல்ல, நூர்நிஷாவின்மேல்.

அன்று வாப்பா வெளியிலிருந்து வந்து குடையை மடக்கினார். "அருவி மெலிஞ்சிட்டாம். இந்த வாரத்தோட சீசன் சரி. அப்புறம் நூலாத்தான் விழும்."

"ஒரே ஒரு தடவ போயிட்டு வருவோம் வாப்பா," என்றாள் நூர்நிஷா. மூன்று நாளைக்குப் பிறகு வந்த குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. பேச்சு வந்துவிட்ட சந்தோஷத்தில் வாப்பா அப்போதே வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

தண்ணீர் வற்றினால் அருவிக்குள்ளேயே நின்றுபோன பானு என்ன ஆவாள் என்று தெரியாது. இழுத்து வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளிவிட வேண்டும். அவளிடம் இருந்தது அந்தத் திட்டம் ஒன்றுதான். கோழியைக்கூடத் துரத்தத் தெரியாதவள் போட்ட திட்டம்.

வண்டியில் அது அவளுடைய தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தது. "எனக்குப் பயமா இருக்கு ராத்தா," என்றது. "என்னைய அங்கன விட்டுட்டு வந்துர மாட்டியே?" நூர்நிஷா வெளியே பார்த்தாள். நுனியை உருவிக்கொள்ள மனசு வரவில்லை.

கூட்டம் குறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் பாலம்மாள் ஒரு முதுகைத் தட்டிக்கொண்டே அருவியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ, பேச்சி! ஏ, சண்முகக்கனி! வாங்க, உங்க வீட்ல தேடுதாவ!"

"எதுக்கு ஒவ்வொரு பேரா கத்துதீங்க?" என்று நூர்நிஷா கேட்டாள். "ஏட்டின்னா வர மாட்டாவளா?"

"வராம என்ன? ஏட்டின்னா அங்கன நிக்கிற அத்தனை பேரும் திரும்புவா. எவ கை நீட்டுவான்னு நான் கண்டேனா?" பாலம்மாள் எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்துச் சிரித்தாள். "பேரச் சொன்னா, அந்தப் பேருக்காரி மட்டும் வருவா. நாம கூப்பிடுததுலல்லா இருக்கு!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த முதுகுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டது அவள். பேரைச் சொல்லாமல் கூப்பிட்டது அவள்.

அதை உம்மாவின் பக்கத்தில் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக இறங்கினாள். தள்ளத் தேவையில்லை. கூப்பிட்டால் போதும். மெலிந்த தண்ணீருக்கு முன்னால் நின்று கத்தினாள்.

"மெஹர் பானு!"

"என்ன ராத்தா?" என்று படிக்கட்டிலிருந்து பதில் வந்தது.

மறுபடி கத்தினாள். மறுபடி படிக்கட்டில் அது தலையைத் தூக்கியது. இத்தனை நாளாக வீடே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறது. பேர் அதற்குச் சொந்தமாகிவிட்டது.

அதற்குச் சொல்லிக் கொடுக்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நூர்நிஷா தேடினாள். அவள் பகடியாக்காத ஒரே விஷயம். வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்காதது.

"எனக்கு ஏழு வயசுல உன்னைய இருட்டு அறைக்குள்ள வச்சுப் பூட்டுனேன்லாட்டி," என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். குரல் உடைந்தது. "மறந்து போயி விளையாடப் போயிட்டேன்னு சொன்னது பொய். வேணும்னுதான் பூட்டுனேன். உம்மா உன்னையவே தூக்கி வச்சிருந்தாங்கன்னு. மன்னிச்சிருட்டி. வெளிய வா."

இரைச்சல். இரைச்சல் மட்டும்.

அப்புறம் உள்ளிருந்து, மெல்லிசாக, மூக்கடைத்த குரல்.

"எனக்கு அன்னைக்கே தெரியும், சனியனே. ஏன் இவ்வளவு நேரம்?"

நூர்நிஷா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தபடி இரண்டு எட்டு உள்ளே வைத்து, தோள்வரை கையை நீட்டினாள். ஒரு கை வந்து பிடித்தது. இறுக்கமாக. அவளும் பிடித்தாள்.

காற்று திரும்பியது. தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

பெண்கள். பாறையோடு பாறையாக. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. சிறுமிகள், கிழவிகள், தாலியோடு, தாலி இல்லாமல். எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பானு கடைசி வரிசையில் நின்றாள். வெகு தூரத்தில். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

அப்படியானால் பிடித்திருக்கும் இந்தக் கை? இந்தத் தடவையும் பேரைச் சொல்லாமல்தான் வெளியே வரச் சொல்லியிருந்தாள்.

விட்டாள். அது விடவில்லை. அது வெளியே வந்தது. அது வரவர இவள் உள்ளே போனாள், ஒரே கயிற்றின் இரண்டு முனைபோல. எதிரெதிரே கடக்கும்போது அதற்கு முகம் இல்லை. வழவழப்பாக, கூழாங்கல்போல. அது இவளைப் பார்த்தது. நெற்றியிலிருந்து. மெதுவாக. புருவம் முளைத்தது. அவளுடைய புருவம். அவளுடைய மூக்கு. கடைசியாக வாய் கிழிந்து திறந்தது.

உள்ளே சத்தமே இல்லை.

குளிர்ந்த விரல்கள் வந்து அவள் விரல்களுக்குள் நுழைந்துகொண்டன. தங்கையின் விரல்கள். கடைசி வரிசையில், பானுவின் பக்கத்தில் நின்றாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம், படிக்கட்டில், உம்மா இரண்டு பெண்களையும் முன்னால் உட்காரவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவள் நிமிர்ந்து என்னவோ சொன்னாள். உம்மா துண்டை மடியில் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நூர்நிஷா சொன்ன எந்தப் பகடிக்கும் உம்மா அப்படிச் சிரித்ததில்லை.

மூன்று பேரும் எழுந்து வண்டிக்கு நடந்தார்கள்.

நூர்நிஷா வாயைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே போனது. முன்னால் நீட்டியிருந்த அத்தனை கைகளுக்கும் பின்னால், கடைசி ஆளாக, அவளும் கையை நீட்டினாள்.