நீக்கப்பட்ட தீர்வு

திருப்புளி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. ஜெபசீலி கையை உதறிவிட்டு, கணக்கெல்லாம் தீர்த்துத் தரும் தீர்வி இயந்திரத்தின் பின்மூடியில் இருந்த கடைசித் திருகாணியை மறுபடியும் திருக ஆரம்பித்தாள். மூடியைத் திறந்தால் வேலை போகும், சட்டம் அப்படி. திறக்காவிட்டால் என்ன போகும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் திறக்கிறாள்.

மணி பகல் பன்னிரண்டு. முப்பது அடி தள்ளி, அரக்கு முத்திரை வைத்த இரும்புக் கதவுக்குப் பின்னால், நிலவின் வெண்குழி நகரத்துப் பிள்ளைகள் அறுபத்து நான்கு பேர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். கணிதத் தாள். அந்த அறுபத்து நான்கில் ஒருத்தி அவள் மகள் ரெனிஷா.

வெண்குழியில் மூச்சுக்காற்று குழாயில் வருவது. அந்தக் குழாய்களுக்குப் பொறுப்பான வளிக்காவலர்களில் ஒருத்தி ஜெபசீலி. அரைமணி நேரத்துக்கு முன் தேர்வரங்குக் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழக்கமான அதிர்வு இல்லை. வடிகட்டியில் நிலவுத்தூசி அடைத்துக்கொண்டே வருகிறது என்று புரிந்தது. வடிகட்டி இருப்பதோ அரங்கின் உட்பக்கம்.

அரங்கின் காற்றுமானியைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் காற்றுமானி அரங்கில் இல்லை. அதற்குள் நகக்கண் அளவில் ஒரு தீர்வி இருந்தது. தேர்வரங்குக்குள் எந்தத் தீர்வியும் இருக்கக் கூடாது, பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவார்கள் என்பது விதி. ஆகவே காலை எட்டு மணிக்கே அதைக் கழற்றி உறையில் போட்டு, உறை மேலும் அரக்கு வைத்துவிட்டார்கள்.

மிஞ்சியிருந்தது வெளியே சுவரில் இருக்கும் இந்தப் பெரிய தீர்வி. தீர்வி வந்த பிறகு உலகத்தில் யாரும் சமன்பாடு போடுவதில்லை. கேள்வியை வாயால் கேட்டால் போதும். சமன்பாட்டை அதுவே அமைத்து, அதுவே தீர்த்து, விடையை மட்டும் சொல்லும். பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சிய பாடம் ஒன்றுதான்: தீர்வி இரண்டு விடை தந்தால் பொருந்தாததைத் தள்ளுவது. நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே நீக்குக. வயது குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே நீக்குக. நேரமும் அப்படியே. பிள்ளைகள் திரையில் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள், விடை பறந்துவிடும். இருபது வருடம் உலகமே சுண்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தீர்வி, கடைசியில் குறை எண்களைக் காட்டுவதையே விட்டுவிட்டது. தொல்லை ஒழிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜெபசீலி அதனிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். அரங்கின் காற்று எத்தனை மணிக்கு, மூச்சுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கோட்டைத் தொடும்? மூன்று தடவையும் பச்சை எழுத்தில் ஒரே பதில்.

தீர்வு இல்லை. ஆபத்து இல்லை.

கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதன்மைக் கண்காணிப்பாளர் கோமதிநாயகத்திடமும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முத்திரையை உடைத்தால் அறுபத்து நான்கு தாளும் செல்லாது, அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்துப் பூமிக்கப்பல் வரும்போதுதான் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பூமிக்குப் போய்க் கல்லூரியில் சேர இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது. ரெனிஷா ஆறு மாதமாகப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். கடலைப் பார்க்க வேண்டுமாம்.

"உங்க கை சொல்லுதுன்னு நான் கதவத் திறக்க முடியுமாம்மா? தீர்வி சொல்லட்டும், இந்த நிமிஷமே திறக்கிறேன்."

அந்தப் பதிலில் தப்பே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவள் அவசரப்பட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், மகள் ஆயுளுக்கும் முகத்தில் விழிக்க மாட்டாள்.

மூடி கழன்று கையில் வந்தது. உள்ளே, பழுதுபார்ப்பவர்களுக்கென்று இருக்கும் குட்டித்திரையில், யாரும் படிக்காத சாம்பல் நிற வரிகள் ஓடின.

x² + 9x + 14 = 0. x என்பது மணி. இந்த நொடி பூஜ்யம்.

அதற்கடுத்த வரியில் அவள் கண் நின்றது. நீக்கியவை இரண்டு. மீதி ஏதுமில்லை.

இரண்டு விடை இருந்திருக்கிறது. இரண்டையும் தீர்வி தூக்கிப் போட்டிருக்கிறது. என்ன விடை என்று பதிந்துகூட வைக்கவில்லை.

ஜெபசீலி சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினாள். தீர்வி வருவதற்கு முன்பே, பூமியில், பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மூன்று முறை தோற்று நான்காம் முறை கரையேறியவள் அவள். முதல் தடவையே தேறியவர்களுக்கு எல்லாம் மறந்துவிட்டது. நான்கு வருடம் அழுதுகொண்டே போட்ட காரணிப்படுத்தல் அவளுக்கு எலும்பில் ஒட்டியிருந்தது. பெருக்கினால் பதினான்கு வர வேண்டும், கூட்டினால் ஒன்பது. ஒன்றும் பதினான்கும்? கூட்டினால் பதினைந்து. இரண்டும் ஏழும்?

சுவரில் எழுதினாள். (x + 2)(x + 7) = 0.

x = −2. x = −7.

பெருமூச்சு வந்தது. இரண்டுமே குறை எண். நேரம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே நீக்குக. தீர்வி சொன்னது சரிதான். வேலைக்கு உலை வைத்துக்கொண்டதுதான் மிச்சம். மூடியை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தப் போனாள்.

கை பாதியில் நின்றது.

ஏழு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. இன்று காலை ஐந்து மணிக்கு எதிலோ கையெழுத்துப் போட்டோமே?

மூடியைக் கீழே போட்டுவிட்டு, அரங்கின் காற்றுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். போகிற வழியில் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கோடரியையும் உருவிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கோமதிநாயகம் எழுந்து கதவை மறித்து நின்றார். அவள் விடைகளைச் சொன்னாள். அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, நேரம் எப்படி மைனஸ்ல வரும்? உள்ள எழுதுற பிள்ளைங்களக் கேட்டா கூட, தள்ளிடுங்கன்னு சொல்லுமே."

"தள்ளுங்க சார். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தைப் படிங்க. காலைல அஞ்சு மணி. உங்க கையெழுத்தும் இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். காலியாகக் கிடந்த அரங்கில் விடியற்காலையிலிருந்து காற்று நிரப்பினார்கள். அது ஏறி ஏறி, சரியாக ஐந்து மணிக்கு அளவுக்கோட்டைத் தொட்டது. அதன் பிறகுதான் அரங்கு தகுதியானது என்று இருவரும் கையெழுத்திட்டார்கள்.

"பன்னெண்டுல இருந்து ஏழு மணி நேரம் பின்னாடி போனா அஞ்சு. மைனஸ் ஏழுன்னா அதுதான் சார். தீர்விக்கு அஞ்சு மணிக் கணக்கு யாரும் சொல்லித் தரல. குழாய்ல ஓடுற காத்தை மட்டும் வச்சு அதுவே கண்டுபிடிச்சிருக்கு. கரெக்டா கண்டுபிடிச்சுத் தூக்கிப் போட்டிருக்கு."

"அது ஏறினப்போ தொட்டது..."

"ஆமா சார். காத்து கோட்டை ரெண்டு தரம் தொடும். ஏறும்போது ஒரு தரம்."

கோமதிநாயகத்தின் உதடுகள் அசைந்தன. பன்னிரண்டு, பதினொன்று என்று விரல் மடக்கினார். அடுத்த விரல் மடங்கவில்லை. வினாத்தாள் கட்டைப் பிரித்து, அவர் கையாலேயே இந்தக் கதவுக்கு அரக்கு வைத்த மணி அது. பதிவேடு அவர் கையிலிருந்து நழுவியது. கதவை விட்டு விலகினார்.

ஜெபசீலி கோடரியை ஓங்கினாள்.

"எப்போ குறையும்னு நான் மூணு தரம் கேட்டேன் சார். இனிமே கோட்டைத் தொடாதுன்னு அது உண்மையைத்தான் சொல்லியிருக்கு. பத்து மணிக்கே கோட்டுக்குக் கீழ குறைஞ்சாச்சு."