நிமிர்த்தி வைத்த மங்கு

நேற்று நிறைத்து வைத்துவிட்டுப் போன மங்கு இன்று பளிச்சென்று காலியாகக் கிடந்தது. விளிம்பில் காய்ந்த திட்டு ஒன்றில்லை, சுற்றி ஓர் எறும்பில்லை, கழுவித் துடைத்து வெயிலில் வைத்த பாத்திரம்போல் இருந்தது. லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குப் பின்னால், இடுப்பளவு மண்டிய லாலான் புல்லுக்கு நடுவே நின்ற ஒற்றை ரப்பர் மரத்தடியில், புஷ்பவள்ளி முந்தானையை இழுத்துப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். நாய் நக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாய் நக்கினால் மங்கு உருண்டிருக்காதா? அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

நேற்று அவள் அதில் பீய்ச்சி வைத்தது தன் மார்ப்பால்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எட்டு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினால் மார் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஊர் சுற்ற ஆசைப்பட்டதால் வந்த வினை என்று லயத்துப் பெண்கள் பின்னால் பேசினார்கள். பேசட்டும், அந்த வாய்களுக்கு வேறு என்ன வேலை? அது ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம். லாபிஸ் தோட்டத்தில் துரை மாதத்தில் சில நாள் பால்வெட்டையே நிறுத்திவிட்டார். வேலையில்லாத நாளில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் அடுப்புப் புகை, பிள்ளை அழுகை, ஈரத் துணி எல்லாம் ஒரே அறைக்குள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. லாயாங் லாயாங்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று புருஷன் வீரமுத்து சொன்னபோது புஷ்பவள்ளிக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, பிள்ளை தனலெட்சுமியை ஒரு நாளாவது இடுப்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தவள் ராஜம்மா. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வெட்டுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கேட்பதற்கு முன்பே தானாக வந்து சொன்னாள். சின்னஞ்சிறுசுகள் போய்வாருங்கள் என்றாள். பால் கட்டினால் என்ன செய்வது என்றுகூட அவளே யோசித்து வைத்திருந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு ஒத்த மரம் நிக்கும் புஷ்பா. ஆம்பளைங்க யாரும் அங்க வரமாட்டாங்க. நிம்மதியா உக்காந்து பீச்சிட்டுப் போ."

அந்த மரத்தடியில் ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. விளிம்பில் ஒரு சில்லு உடைந்த பழைய மங்கு. தோட்டத்தில் மழை நாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் மரத்துக்கு மரம் போய் அதை நிமிர்த்திய பிறகுதான் வெட்டுக் கத்தியையே எடுப்பார்கள். பழகிய கைக்கு யாரும் சொல்லவா வேண்டும்? கண்டதும் நிமிர்த்தினாள். தாய்ப்பால் மண்ணில் விழுந்து எறும்பு மொய்த்தால் சுரப்பு நின்றுவிடும் என்ற பயம் பெற்றவளுக்கெல்லாம் உண்டு. அதனால் மங்கிலேயே பீய்ச்சி வைத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். ராத்திரி சிரித்துப் பேசிப் பொழுது போனது. காலையில் வீரமுத்து கடைத்தெருவில் ஐஸ் தண்ணி வாங்கித் தந்தான். கல்யாணம் ஆன புதிதுபோல் இருந்தது அவளுக்கு.

இப்போது திரும்புகிற ரயிலுக்கு நேரமாகிறது. மார் கல்லாகக் கனக்கிறது. அவள் மறுபடி அதே மங்கின் முன் உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தாள். கை படுவதற்கு முன்பே பால் இறங்கியது. விட்டு விட்டு, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. தனம் குடிக்கும்போது அப்படித்தான் இறங்கும். லாலான் புல் காற்றில்லாமல் நின்றது. ரயில் ஊதியதும் ரவிக்கையைச் சரியாகக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினாள்.

லாபிஸில் இறங்கித் தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே போய் வந்தவர்கள் காலைக் கழுவாமல் பிள்ளையைத் தொட்டால் ராஜம்மா கத்திக் கூப்பாடு போடுவாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குத் தோஷம் தட்டும் என்பாள். அன்று அவள் கண் இவர்கள் காலுக்கே போகவில்லை. கொட்டகைப் படியில் தனத்தை மடியில் வைத்துக்கொண்டு, புஷ்பவள்ளியின் நனைந்த ரவிக்கையையே பார்த்தாள்.

"அந்த மரத்துக்குப் போனியா?"

போனேன் என்றாள் இவள். ராஜம்மா பிள்ளையை நீட்டினாள். அவள் பார்வை இவர்களைத் தாண்டி, இவர்கள் வந்த பாதையில் நிலைத்திருந்தது. வேறு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்துப் புஷ்பவள்ளியும் திரும்பிப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை.

அன்றைக்கு தனம் மார்பில் வாய் வைத்து இழுத்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பால் இல்லை. பயண அலுப்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றான் வீரமுத்து.

நாளைக்கும் சரியாகவில்லை. மாறாக, பால் வேண்டாத நேரத்தில் வந்தது. விடியலில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வந்து, பனி சொட்டும் மர நிரையில், மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் பழைய ரப்பரின் புளித்த வாடையும் மூக்கில் ஏற அவள் மரத்தைச் சீவிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று மார் கூசும், ரவிக்கை நனைந்துவிடும். பிள்ளை அழும் குரல் கேட்டால்தான் பெற்றவளுக்குப் பால் அப்படி இறங்கும். சுற்றிலும் சில்வண்டுச் சத்தம்தான். அவள் காதுக்கு எந்த அழுகையும் எட்டவில்லை. உடம்புக்கு மட்டும் எட்டியது.

அந்த வாரமே மங்குகள் காலியாக ஆரம்பித்தன. முதலில் ரயில் பாதையை ஒட்டிய கடைசி நிரையில் ஒரே ஒரு மரம். வெட்டின கோடு ஈரமாக இருந்தது, பால் இறங்கிய தடம் இருந்தது, மங்கு மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. ஒட்டிக்கொண்ட ரப்பர் தோல்கூட இல்லை. மறுநாள் அதற்கு அடுத்த நிரை. அதற்கு மறுநாள் இன்னும் இந்தப் பக்கம். கங்காணி ஐயாசாமி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, பாலை எவனுக்குடி ஊற்றிக்கொடுக்கிறாய் என்று பச்சையாகக் கேட்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காலியான மரங்களை மனசுக்குள் வரிசையாகச் சேர்த்துப் பார்த்தாள். அது ரயில் பாதையிலிருந்து லயத்தைப் பார்த்து வரும் வழி.

தனம் வற்றிக்கொண்டே போனாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொடுத்த டின் பால் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. விலா எலும்பு தெரிந்தது. அழுகைகூடப் பூனைக்குட்டி முனகல்போல் ஆகிவிட்டது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே காய்கிறது, மாரோ யாருக்கோ நனைகிறது. இந்தக் கொடுமையை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? புருஷனிடம் சொன்னாள். அவன் முதலில் அதட்டினான், பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மழைப் பகலில் அவன் வெளியே போயிருந்தான். தகரக் கூரையில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக ஒரு சத்தம். சப்புகிற சத்தம். மடியில் கிடந்த தனம் முனகுவதை நிறுத்தினாள். புஷ்பவள்ளியின் மார் கூசியது. சத்தம் நின்றதும் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் மங்கு. நிமிர்ந்திருந்தது. அத்தனை மழையிலும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. விளிம்பில் அதே சில்லு உடைந்த தடம்.

கொட்டகைக்கு ஓடி ராஜம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜம்மா ஆச்சரியப்படவில்லை. எந்தப் படியில் இருந்தது, எவ்வளவு நேரம் சத்தம் கேட்டது என்று மட்டும் விசாரித்தாள். பிறகு தனத்தைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

"அது இருந்த எடத்துலயே கொண்டுபோய்க் கவுத்துட்டு வா. புருஷனோட போ. புள்ளைய அங்க தூக்கிட்டுப் போகாத, எங்கிட்ட விடு."

விட்டாள். வேறு யாரிடம் விடுவாள்?

விடிந்ததும் முதல் ரயிலில் போனார்கள். மரத்தடியில் அன்றைக்குக் கண்ணில் படாத ஒன்று இன்று பட்டது. மங்கு இருந்த இடம் சின்ன மேடு. ஒரு முழ நீளம் இருக்கும். இப்போது நடுவில் உள்வாங்கி, குழிந்து, புது மண் வெளியே தள்ளியிருந்தது. கொண்டுவந்த மங்கை அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வீரமுத்து அவளைத் தோளில் பிடித்து நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

நாத்தனார் கிருஷ்ணம்மா அவள் கையிலிருந்த மண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள். பாலுக்கு அழுதே செத்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்களாம். இனி பால் இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டுமாம்.

"யாரு புள்ள அண்ணி அது?"

"ராஜம்மான்னு ஒருத்தி. பால் சுரக்கல, புள்ள போயிருச்சு. நாங்க கவுத்து வெப்போம், அவ வந்து வந்து நிமித்துவா. கடைசியில தொரைகிட்டச் சொல்லி ஊரை விட்டே அனுப்பிட்டோம். லாபிஸ் பக்கம் ஆயா வேலை பாக்குறாளாம்."

புஷ்பவள்ளி எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயில் வந்தது. ஊர்ந்தது. ரெங்கத்தில் நின்றது. குளுவாங்கில் நின்றது. ஒவ்வொரு ஊரிலும் நின்றது. பெக்கோக்கைத் தாண்டும்போது பால் இறங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும். நிற்கவில்லை. முந்தானையைச் சுருட்டி அழுத்தினாள். அதையும் நனைத்துக்கொண்டு இறங்கியது. வண்டியில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லாபிஸ். மழை விட்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். பாதையெல்லாம் சேறு. வீரமுத்து பின்தங்கிவிட்டான், அவன் கூப்பிடும் குரல் தூரத்தில் கேட்டது. நிரையைக் குறுக்கே கடந்தாள். கால் பட்ட மங்குகள் உருண்டன. மழைத் தண்ணீர்கூட இல்லை, எல்லாம் காலி. ஒவ்வொரு மரத்திலும். காலி.

கொட்டகையில் ஒரே ஒரு விளக்கு. மற்ற பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிப் போயிருந்தார்கள். உத்தரத்தில் இரண்டு சேலைத் தொட்டில்கள் மட்டும் தொங்கின. ஒன்று ஆடியது. ஒன்று ஆடவில்லை.

ஆடாத தொட்டிலுக்குக் கீழே, மண் தரையில், தோட்டத்து மங்கு ஒன்று. கவிழ்த்து வைத்திருந்தது.

அந்தத் தொட்டிலின் ஓரத்தில் ஒரு சின்னக் கால் தொங்கியது. கணுக்காலில் கறுப்புக் கயிறு. புஷ்பவள்ளி கட்டிவிட்ட கயிறு. எட்டித் தொட்டாள். சில்லென்றிருந்தது.

ஆடுகிற தொட்டிலின் கயிற்றைப் பிடித்தபடி ராஜம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். சந்தோஷமான முகம்.

"நானும் எத்தனை தடவ நிமித்தி வெச்சேன். எங்கிட்ட ஒரு சொட்டு இல்லையே புஷ்பா. வெறும் மங்கைப் பாத்துட்டு எம்புள்ள அழுதுட்டே போயிரும்." அவள் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். "உக்காரு. பசியோட இருக்கு."

தொட்டில் ஆடுவது நின்றது. சேலை உள்ளிருந்து புஷ்பவள்ளி நின்ற பக்கம் முட்டியது. துணி ஒரு சின்ன வாயளவுக்கு உள்ளே குழிந்தது, நனைந்தது, சப்பத் தொடங்கியது. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

அந்தக் கணக்குக்கு அவள் பால் இறங்கியது.