வாயாடி சொன்ன புதுச் சொல்

வாயாடியின் அம்மா லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் அன்று மாலை ஒரு வெள்ளைத்தாள் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

நிறுவனத்தில் புதியவர்களுக்கு வேலை கற்றுத்தர ஒருவர் தேவை. எப்படிக் கற்றுத்தருவேன் என்று ஒரு பக்கம் எழுதி, மறுநாள் காலை பத்து மணிக்குள் தர வேண்டும். அம்மா ஏற்கெனவே நான்கு தாள்களைக் கசக்கிப் போட்டிருந்தார்.

"விடுடி. எனக்கு இலக்கணம் தெரியாது. நான் அஞ்சாவதோட நின்னவ."

வாயாடி தன் இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அம்மா திறந்தார். 'வினையெச்சம்' என்று இருந்தது. ஷாக் அடித்ததுபோல் மூடிவிட்டார்.

வாயாடி சற்று யோசித்தாள்.

"அம்மா, நேத்து நான் கடைக்குப் போவேன்."

"போனேன்னு சொல்லு."

"நாயை என்னைக் கடிச்சுது."

அம்மா சிரித்துவிட்டார். "யார் யாரைடி கடிச்சீங்க? நாய் என்னைக் கடிச்சுதுன்னு சொல்லு!"

"அம்மா, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. தப்பாப் பேசினா காதுல உறுத்துது."

"சரி, புதுசா ஒரு வார்த்தை சொல்றேன். கிமுக்கு."

"அப்படி ஒண்ணு கிடையாதே!"

"இருக்குன்னு வெச்சுக்கோ. இன்னைக்கு நான் கிமுக்குறேன். நேத்து?"

"கிமுக்கினேன்."

"நாளைக்கு?"

மேசைக்கு அடியிலிருந்து மூன்று வயதுத் தம்பி கத்தினான். "நானும் கிமுக்குவேன்!"

அம்மா அசந்துபோனார். "இவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாதே!"

"இலக்கணம் தெரியுதுல்ல? இந்தப் புத்தகத்துல அதுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அம்மா மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"நீ முதல்ல வாய்விட்டுச் சொல்லிப் பாரும்மா. அப்புறம் எழுது. எந்த 'ர', எந்த 'ற'ன்னு சந்தேகம் வந்தா என்கிட்ட கேளு."

அம்மா சொல்லச் சொல்ல, லிஃப்டே கண்முன் ஏறி இறங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குள் பக்கம் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அம்மாவுக்கே அந்த வேலை! வாயாடி துள்ளிக் குதித்தாள். அம்மா மட்டும் கடிதத்தை மறுபடியும் படித்தார்.

"'எங்கள் நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்'னு போட்டிருக்காங்க. நிறுவனம் எப்படிடி 'இருக்கிறார்கள்' ஆகும்? 'இருக்கிறது'தானே?"

"ஐயோ அம்மா, அங்க போய் சொல்லிடாதே!"

"இப்போ சொல்ல மாட்டேன்," என்றார் அம்மா, கடிதத்தைப் பத்திரமாக மடித்தபடி. "முதல்ல வேலையில சேர்ந்துக்கறேன்."