காரின் மூக்கு எதுவரை?

"கண்ணாடியைத் துடைச்சியாடா?"

"துடைச்சாச்சுண்ணே!"

"நீ துடைச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அண்ணன் பம்பரை ஒட்டிக் குனிந்து மறுபடியும் துடைத்தார்.

டிரைவர் இல்லாத கார்களின் இறுதிப் போட்டி. எங்கள் காரின் பானட் முனையில் சுழலும் லேசர் சென்சார் அண்ணன் உருவாக்கியது. அதன் கண்ணாடியைத் துடைப்பது என் பதவி. இன்ஜினியரிங் படித்த என்னை நம்பி அவர் கொடுத்த ஒரே பொறுப்பு!

எதிரே ஆள் நின்றால் கார் நகராது. ஆள் நிற்கும்போதே ரிமோட்டை அழுத்திக் காட்டி, வந்தவர்களை அசத்துவது எங்கள் அணியின் வழக்கம்.

கேப்டன் அழுத்தினார்.

கார் பாய்ந்தது!

நான் அலறினேன். அண்ணனுக்கு அதற்குக்கூட நேரமில்லை...

*

"அழுக்கு மேடம்," என்றார் கேப்டன், இன்ஸ்பெக்டர் அம்மாவிடம். "அதான் சென்சாருக்கு ஆள் தெரியல. துடைச்சது இவன்."

"அண்ணனே மறுபடி துடைச்சாரே!"

"உன் அழுக்குத் துணியாலதானே?"

அண்ணி என்னைப் பார்த்தார். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பார்த்தார்... அவ்வளவுதான்.

"மேடம், இது எதிர் அணியோட சதி!" என்று துள்ளினேன். "முகம் பார்க்கிற கண்ணாடியைக் காட்டி லேசரைத் திருப்பி விட்டிருக்காங்க!"

"க்ரைம் கதை நிறைய படிப்பீங்களோ?"

"ஆமா மேடம்!"

"தெரியுது. கொஞ்சம் வாயை மூடிட்டு, இந்தக் கார் எப்படிப் பார்க்குதுன்னு சொல்லுங்க."

இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது? இரண்டாவதைச் செய்தேன்.

"லேசர் போய் மோதித் திரும்பினா, அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஆனா காரோட பானட், பம்பர்லயும் மோதும். தன் மூக்கைப் பார்த்தே பயந்து நின்னுடக் கூடாதுல்ல? அதனால, 'இதுவரைக்கும் உன் மூக்கு, கண்டுக்காதே'ன்னு சாஃப்ட்வேர்ல எழுதிடுவோம்."

"யார் எழுதுவாங்க?"

"அண்ணன், கேப்டன். என்னை விட மாட்டாங்க."

"நல்லது."

யாரும் தொடாமல் சீல் வைத்திருந்த காரைத் திறந்தார்கள். தூரத்தில் ஓர் அட்டை மனிதன். ரிமோட்டை அழுத்தினார் இன்ஸ்பெக்டர்.

கார் கிளம்பி... அட்டைக்கு முன்னால் சமர்த்தாக நின்றது!

"அதே கண்ணாடி. அதே அழுக்கு. நல்லாத்தானே தெரியுது?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "கேப்டன் சார், அவர் நின்ன இடத்துல நீங்க நில்லுங்க."

நான் சுவரோரம் பதுங்கினேன். என் வீரம் அந்த அளவு!

கேப்டன் போய் நின்றார். பம்பரிலிருந்து இரண்டு எட்டு தள்ளி... கைகட்டி... வியர்க்காமல்.

"ஒட்டி நில்லுங்க சார்."

"இங்க நின்னா போதும் மேடம். கார் நகராது."

அழுத்தினார். நகரவில்லை.

"இன்னும் கிட்ட."

"எதுக்கு?"

"பயமிருந்தா இவரை மாதிரி சுவரோரம் ஓடணும். நம்பிக்கை இருந்தா ஒட்டி நிக்கணும். நீங்க ஏன் சார் ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறீங்க?"

கேப்டன் முகம் வெளுத்தது!

அவரை விலக்கிவிட்டு, அட்டை மனிதனைப் பம்பரை ஒட்டி நிறுத்தி அழுத்தினார்.

சரக்!

அட்டை சக்கரத்தின் அடியில் கிழிந்தது.

"சாஃப்ட்வேர்ல காரோட மூக்கை நீட்டிட்டீங்க. அது எங்க முடியுதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"கறுப்பு டிரெஸ் போட்டவங்களை சென்சார் சரியாப் பார்க்கல, போட்டியே வேணாம்னான் இவங்கண்ணன்!" கேப்டன் உடைந்தார். "ஜெயிக்கிற நேரத்துல..."

அண்ணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாங்கூட உன்னைத்தான்டா நினைச்சேன்..."

"பரவால்லண்ணி. நானே பாதி நம்பிட்டேன்."

கார் அண்ணனைப் பார்க்கத் தவறவில்லை. தன் உடம்பில் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டது. வீட்டில் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

வழக்கு முடிந்து வருடங்களாகிவிட்டன. கார் இன்னும் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறது. ஏட்டையா மட்டும் மாதம் தவறாமல் போன் செய்கிறார்:

"சார், வழியை அடைச்சுட்டு நிக்குது... சீக்கிரம் டிரைவரை அனுப்பி எடுத்துட்டுப் போங்க!"